வளர்ந்தோரின் உடற்பருமன்: தீவகத்தை முன்வைத்து ஒரு விளக்கம்



"வளர்ந்தோரிடையே உடற்பருமன் அதிகரிப்பதற்கான காரணங்களைத் தருக" என்ற பாணியில் அமைந்த வினா, சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்துக்குப் புதியதன்று. இதற்குப் பெரும்பாலான விடைத்தாள்களில் வருவது இரண்டே வரிகள்: அதிகமாக உண்ணுதல், உடற்பயிற்சி செய்யாமை. இவை பிழையல்ல. ஆனால் அவ்வளவில் நிறுத்திக்கொள்ளும் மாணவர், பருத்த உடம்பை அந்த ஆளின் குறையாக மட்டும் பார்க்கிறார். ஒரு நாட்டு மக்களின் சராசரி நிறை ஒரே தலைமுறைக்குள் ஏன் ஏறுகின்றது என்ற பெரிய வினாவை அவர் தொடவில்லை. ஊரில் உள்ள எல்லாரும் ஒரே காலத்தில் சோம்பேறிகளாகி விடுவதில்லை அல்லவா? அப்படியானால் மாறியது ஊரும் அதன் வாழ்க்கையும்தான். அந்த மாற்றத்தை விளங்கிக்கொள்வதற்காக அல்லைப்பிட்டியையும் அதனை அடுத்துள்ள தீவகக் கிராமங்களையும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

வரைவிலக்கணமும் கணிப்பும்

உடல்நலத்துக்குத் தீங்கு விளைக்கும் அளவுக்கு உடலிற் கொழுப்பு மிகுந்திருத்தலே உடற்பருமன் ஆகும். வரைவிலக்கணத்திற் "கொழுப்பு" என்ற சொல் கட்டாயம் இடம்பெற வேண்டும். நிறை கூடியவர் எல்லாரும் உடற்பருமன் உடையவர் அல்லர். மூட்டை சுமக்கும் தொழிலாளியின் நிறையில் கணிசமான பகுதி தசையாக இருக்கலாம்.

இதனை மதிப்பிடப் பொதுவாகப் பயன்படுவது உடற்திணிவுச் சுட்டி. வைத்தியசாலைகளில் இதனை பீ.எம்.ஐ. என்பர். கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். உயரம் 1.60 மீற்றர், நிறை 64 கிலோகிராம் எனின், 1.60 × 1.60 = 2.56, 64 ÷ 2.56 = 25. உயரத்தை வர்க்கிக்க மறந்து, 64 ஐ 1.60 ஆல் வகுத்து 40 என எழுதுவோர் உண்டு. 40 என்பது மிகக் கடுமையான உடற்பருமனைக் குறிக்கும் எண். சாதாரண தோற்றமுள்ள ஒருவருக்கு அது வருமா என்று ஒருகணம் யோசித்தாற் பிழை தானே தெரிந்துவிடும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் சர்வதேச வகுப்பின்படி 18.5 முதல் 24.9 வரை இயல்பு நிலை. 25 உம் அதற்கு மேலும் அதிக நிறை. 30 உம் அதற்கு மேலும் உடற்பருமன். இந்த மூன்று எண்களையும் மனனஞ் செய்துவிட்டுப் பலர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றனர். நமக்கு முக்கியமான செய்தி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆசிய மக்களிடம் இதைவிடக் குறைந்த சுட்டியிலேயே நீரிழிவும் இதய நோயும் தலைகாட்டுவதால், 23 ஐத் தாண்டும்போதே ஆபத்துக் கூடுகிறது எனவும், 27.5 ஐத் தாண்டினால் உயர்ந்த ஆபத்து எனவும் கொள்ளும்படி அந்த ஸ்தாபனம் கூட்டிய நிபுணர் குழு 2004ஆம் ஆண்டு ஆலோசனை வெளியிட்டது. எனவே மேற்படி உதாரணத்தில் 25 பெற்றவர் நம்மவராயின், எல்லைக்கோட்டில் நிற்பவர் அல்லர். அதனை ஏற்கெனவே தாண்டியவர்.

ஏன் இந்த வேறுபாடு? 2004இல் "லான்செற்" மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு சிறு குறிப்பு இதனை அழகாக விளக்குகிறது. பூனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த வைத்தியர் யட்கினும் தங்கள் உடல்களையே அளந்து பார்த்தனர். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றே: 22.3. ஆனால் யட்கினின் உடலிற் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். தராசும் அளவுகோலும் இருவரையும் ஒன்றெனக் காட்டின. உள்ளே இருந்ததோ இருமடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு.

நம்மவர்களைப் பற்றியே நேரடியாகச் சொல்லும் ஆய்வும் உண்டு. நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில், துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வியட்நாம், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து சென்று குடியேறியோரை 2000 - 2002 காலப்பகுதியில் அளந்தார்கள். அங்குள்ள இலங்கையரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். மொத்த உடற்பருமனில் முன்னின்றவர்கள் துருக்கியர். ஆனால் ஒரே உடற்திணிவுச் சுட்டி உடையவர்களை ஒப்பிட்டபோது, இடுப்புக்கு மேலே வயிற்றுச் சுற்றளவு விகிதம் கூடியிருந்தவர்கள் இலங்கையரும் பாகிஸ்தானியருமே. கைகால்கள் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு என்று சொன்னால் உங்களுக்கு உடனே சிலர் நினைவுக்கு வருவார்கள்.

ஆகவே நமது பிரதேசத்தில் தராசைவிட அளவுநாடா பயன்மிக்கது. கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டதும் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பது பொய்க்கணக்கு. தென்னாசியருக்கு ஆணாயின் 90 சென்ரிமீற்றர், பெண்ணாயின் 80 சென்ரிமீற்றர் என்பவை எல்லைகள். பரீட்சையில் இவற்றை எழுதும்போது "தென்னாசியருக்கு" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. இந்த எண்கள் எல்லாம் வளர்ந்தோருக்குரியவை. 19 வயது வரையுள்ளவர்களை வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபைக் கொண்டே மதிப்பிடுவர். உங்கள் சுட்டியைக் கணித்துவிட்டு, 25 இல்லை 18.5 இல்லை என்று வீட்டில் கலவரப்படுத்த வேண்டாம்.

வயிற்றுக் கொழுப்பின் வேலை

தோலின் கீழுள்ள கொழுப்பைவிட, குடல், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பே கூடிய தீங்குடையது. அதிலிருந்து கொழுப்பமிலங்கள் ஈரலுக்குச் செல்கின்றன. ஈரலிலும் கொழுப்பு படிகிறது. கலங்கள் இன்சுலினின் கட்டளைக்குச் சரிவரப் பணியாது போகின்றன. ஈடுகட்டுவதற்காகச் சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. ஆண்டுகள் செல்ல அது களைத்துவிட, குருதியில் குளுக்கோசின் அளவு உயர்கிறது. இதுவே இரண்டாம் வகை நீரிழிவு. உயர் குருதி அமுக்கம், மாரடைப்பு, பாரிசவாதம், கொழுப்பு ஈரல், முழங்கால் மூட்டுத் தேய்வு, பெருங்குடல், கருப்பை, மாதவிடாய் நின்றபின் வரும் மார்பு ஆகியவற்றின் புற்றுநோய்கள் என்பனவும் உடற்பருமனோடு தொடர்புடையவை. இத்தனையும் ஆண்டுக்கணக்கில் நோவில்லாமல் வளர்வதுதான் இதிலுள்ள சங்கடம்.

எண்கள் சொல்வதும் விட்டதும்

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பின்படி 2022ஆம் ஆண்டில் உலகில் 250 கோடி வளர்ந்தோர் அதிக நிறையுடன் இருந்தனர். அவர்களில் 89 கோடிப் பேர் உடற்பருமன் உடையோர். 1990 உடன் ஒப்பிடுகையில் வளர்ந்தோரின் உடற்பருமன் வீதம் இருமடங்குக்கு மேலாகிவிட்டது. அயலில், 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, அந்நாட்டு வளர்ந்தோரில் 28.6 சதவீதத்தினரிடம் உடற்பருமனையும் 39.5 சதவீதத்தினரிடம் வயிற்றுப் பருமனையும் கண்டது. இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாயிருப்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன உடல்வாகுதான் அங்கும்.

இலங்கையில் 2005 - 2006 காலத்தில் நீரிழிவு, இதயநோய் பற்றிய பெரும் ஆய்வொன்று நடந்தது. ஆசிய எல்லைகளை வைத்துப் பார்த்தபோது நான்கில் ஒருவர் அதிக நிறையுடனும், ஏறத்தாழப் பத்தில் ஒருவர் உடற்பருமனுடனும் இருந்தனர். பாடநூல்களிலும் கருத்தரங்குகளிலும் "இலங்கையர்" என்று சொல்லி இந்த எண்கள் மேற்கோள் காட்டப்படுவதுண்டு. ஆனால் அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டுமே நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதிற் சேரவில்லை. நாடு தன் நிறையை அளந்த வேளையில் நாம் தராசில் ஏறவில்லை. தரவு விளக்க வினாவொன்றில் "இந்த அளவீடு யாரைச் சேர்க்கவில்லை?" என்று கேட்டுப் பார்ப்பது எப்போதும் நல்ல பழக்கம்.

2015இல் நடந்த தொற்றா நோய் ஆபத்துக் காரணிகள் பற்றிய நாடளாவிய அளவீட்டில், சர்வதேச எல்லையான 25 ஐ வைத்தே, வளர்ந்தோரில் ஏறக்குறையப் பத்தில் மூவர் அதிக நிறையுடையோராக இருந்தனர். 30 ஐத் தாண்டியோர் ஆண்களில் 3.5 சதவீதம், பெண்களில் 8.4 சதவீதம். பெண்களிடம் இருமடங்குக்கு மேல் இருப்பதற்குக் காரணம் பெண்களின் வாயன்று. அதனைக் கீழே பார்ப்போம்.

தீவகத்தில் நடந்த மாற்றம்

பண்ணைத் தாம்போதியால் வந்து மண்டைதீவுச் சந்தியைக் கடந்தால் அல்லைப்பிட்டி. மணல், பனை, ஆழங்குறைந்த பரவைக்கடல், உவர் கலந்த கிணறுகள். இந்த நிலத்தில் முன்னாளில் ஒரு வாய்ச் சோற்றுக்கும் உடம்பு உழைத்தது. துலா மிதித்து இறைத்தார்கள், கோலூன்றி வள்ளம் விட்டார்கள், உரலில் மா இடித்தார்கள், ஓலையும் விறகும் சுமந்தார்கள். பின்னர் நீரிறைக்கும் இயந்திரமும் வெளியிணைப்பு இயந்திரமும் அரவை ஆலையும் பைக்கற் மாவும் வந்தன. இந்த மாற்றம் கெட்டது என்று எழுதிவிடாதீர்கள். மா இடித்து முதுகு முறிந்த தாய்மாருக்கு ஆலை ஒரு விடுதலை. உழைப்புக் குறைந்த அளவுக்குச் சாப்பாட்டின் அளவு குறையவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. துலா மிதித்தவர் உண்ட பிட்டின் அளவை அவரது பேரன் மோட்டார் சைக்கிளில் இருந்துகொண்டு உண்கிறான்.

யுத்தம் இதனை வேறொரு வகையிலும் மாற்றியது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவக மக்களிற் பெரும்பகுதியினர் குடாநாட்டுக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்தனர். பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருள் கிடைக்காத குடாநாட்டில் வைத்தியர் முதல் வியாபாரி வரை எல்லாரும் சைக்கிள் உழக்கினர். 2002இல் ஏ-9 பாதை திறந்தபின் மோட்டார் சைக்கிள்களும் மென்பானமும் பிஸ்கற்றும் தடையின்றி வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. அதே மாதத்தில் அல்லைப்பிட்டி மக்களும் மீண்டும் ஊரைவிட்டு ஓடினர். நிவாரணமாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, எண்ணெய். உயிர்காத்த பொருள்கள் இவை, குறைகூற முடியாது. ஆயினும் தோட்டமும் கடலும் கைவிட்டுப் போன ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் இவற்றிலேயே வாழும்போது, பிள்ளைகளின் நாக்கு இலைக்கறியையும் ஒடியலையும் அறியாமல் வளர்கிறது.

பட்டினிக்கும் பருமனுக்கும் உள்ள உறவு பலருக்கு வியப்பளிக்கும். 1944 - 45 குளிர்காலத்தில், ஜேர்மனியரின் ஆக்கிரமிப்பின்கீழ் ஒல்லாந்தின் மேற்குப் பகுதியிற் கொடிய பஞ்சம் நிலவியது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த ஆண்குழந்தைகள் 19 வயதில் படைச்சேர்ப்புப் பரிசோதனைக்கு வந்தபோது, கருக்காலத்தின் முற்பாதியிற் பஞ்சத்துக்கு உள்ளானோரிடம் உடற்பருமன் கூடுதலாக இருந்ததை 1976இல் வெளியான ஆய்வு காட்டியது. வரவு குறையும் என்று கருவிலேயே கற்றுக்கொண்ட உடல், பின்பு வரவு வந்ததும் சேமித்து வைக்கிறது என இதனை விளக்குவர். ஒல்லாந்தர் நமது வேலணைத் தீவுக்கு லைடன் என்றும் நெடுந்தீவுக்கு டெல்ப்ற் என்றும் தம் நகரங்களின் பெயரை இட்டவர்கள். அந்த இரு நகரங்களும் பஞ்சத்தில் அகப்பட்ட மேற்கு ஒல்லாந்திலேயே உள்ளன. தடைக்காலத்தில் இங்கு கருவில் இருந்தவர்கள் இப்போது முப்பது வயதைத் தாண்டியவர்கள்.

இன்றைய அன்றாடத்துக்கு வருவோம். தேநீர்க் கணக்கைப் பாருங்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் சுமார் 10 கிராம். அது 40 கிலோகலோரி. காலை எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, விருந்தாளி வந்தால் ஒன்று, பின்னேரம் ஒன்று, இரவு ஒன்று. ஐந்து கோப்பையில் 50 கிராம் சீனி. ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி உண்பவருக்கு உலக சுகாதார ஸ்தாபனம் விதித்த உச்ச அளவு இதுவே; 25 கிராமுக்குள் நின்றால் மேலும் நன்று என்கிறது. ஆக, பிஸ்கற்றோ மென்பானமோ தொடுவதற்கு முன்பே அன்றைய கணக்கு முடிந்துவிட்டது. இதனோடு காலையில் பாண், பின்னேரம் றோல்ஸ் அல்லது மிதிவெடி, இரவில் கொத்துறொட்டி என்றால் நார்ப்பொருள் எங்கிருந்து வரும்? உவர்நிலத்தில் மரக்கறிச் செய்கை கடினம். சந்தை மரக்கறிக்கு விலை கூட. மாவும் சீனியும் மூலைக்கடையிலேயே கிடைக்கின்றன.

பெண்களின் நிலை இதிலும் இறுக்கமானது. வீட்டுவேலை நாள் முழுதும் உண்டு. ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைவது குறைவு. கடைசியாக உண்பவர் அவரே. பிள்ளைகள் மிச்சம் விட்டதை வீணாக்க மனமில்லாமல் உண்பவரும் அவரே. பின்னேரம் வீதியில் நடக்கலாம் என்றால் வெளிச்சமில்லை, நாய்த்தொல்லை, "எங்கை போறியள்?" என்ற கேள்வி வேறு. மகப்பேறுகளின் பின் கூடிய நிறை இறங்காமலே நின்றுவிடுகிறது. இதற்குமேல் ஊர்வழக்கு ஒன்று: மெலிந்தவரைக் கண்டால் "என்ன, வருத்தமோ?" என்று இரங்குகிறோம், பருத்தவரைக் கண்டால் "இப்பதான் உடம்பு தேறியிருக்கு" என்று மகிழ்கிறோம். பசியைக் கண்ட சமூகத்தின் அன்பு அது. ஆனால் அந்த அன்பு அளவுநாடாவை எடுக்க விடுவதில்லை.

பொதுச் சுகாதாரப் பிரச்சினையாவது ஏன்?

ஒரு பிரச்சினை பலரைப் பாதித்து, தனியாள் முயற்சியால் மட்டும் தீராது, கூட்டு நடவடிக்கையை வேண்டி நிற்குமாயின் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை. தீவகத்தில் இதற்குக் கடல் என்ற கூடுதற் காரணமும் உண்டு. மூளையின் குருதிக்குழாய் அடைபட்டு வரும் பாரிசவாதத்தில், கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும்; அதற்கு முன் தலையை சி.ரி. ஸ்கான் செய்து பார்க்கவும் வேண்டும். அல்லைப்பிட்டியில் இருப்பவர் தாம்போதியால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு விரைவில் சேரலாம். நெடுந்தீவில் இருப்பவருக்கு முதலிற் படகு வேண்டும். குறிகட்டுவான் வந்து சேர ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பின்பு புங்குடுதீவு, வேலணை, அல்லைப்பிட்டி ஊடாகத் தரைவழி. சோளகம் பெயர்ந்தாலோ வாடை இறுகினாலோ படகோட்டமே தடைப்படும். நீரிழிவால் சிறுநீரகம் பழுதடைந்து, வாரத்தில் இரண்டு மூன்று தரம் குருதி சுத்திகரிக்க வேண்டிய ஒருவரை இந்தப் பாதையில் வைத்து எண்ணிப் பாருங்கள். சிகிச்சை தூரத்தில் இருக்கும் இடத்தில் நோயை முற்கூட்டியே தடுப்பது மற்ற இடங்களைவிட அவசியமாகிறது.

தடுப்பும் கட்டுப்பாடும்

சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வு நமக்கு நெருக்கமானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு நடையும் உணவு மாற்றமும் பழக்கினர். மூன்றாண்டளவில் அவர்களிடையே புதிதாக நீரிழிவு ஏற்படுவது 28.5 சதவீதத்தாற் குறைந்தது. அவர்களின் நிறை பெரிதாக இறங்கவில்லை என்பதே இதில் மிகச் சுவையான செய்தி. தராசு அசையவில்லையே என்று நடையைக் கைவிடும் அம்மா அப்பாமாருக்கு இதனை எடுத்துச் சொல்லலாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் என்பது நியமம். சைக்கிளில் தாம்போதியின் எதிர்க்காற்றை வெட்டிப் போய் வருவது அதற்குத் தாராளமாகப் போதும். 2022 எரிபொருள் நெருக்கடியில் மறுபடி வெளியே எடுத்த சைக்கிள்களைப் பலர் திரும்பவும் சாத்தி வைத்துவிட்டது வருத்தத்துக்குரியது.

உணவைப் பற்றி எழுதும்போது "பாரம்பரிய உணவை உண்ணுதல்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவது வழக்கம். கொஞ்சம் பிரித்து எழுதுங்கள். மீன், நண்டு, பயற்றங்காய், கீரை, பலாக்கொட்டை எல்லாம் இட்ட ஒடியற்கூழ் நல்ல உணவுதான். ஆனால் ஒடியலும் மாப்பொருளே. தேங்காய்ப்பூ நிறைத்த குரக்கன் பிட்டும் மூன்று நீத்துப்பெட்டி உண்டால் நிறை கூட்டும். கோப்பையின் அரைவாசியை மரக்கறியும் இலைக்கறியும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே முக்கியம். பழமை என்பதனால் மட்டும் ஓர் உணவு நன்றாகிவிடாது.

அரசின் பங்கையும் எழுத மறக்க வேண்டாம். 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு இடப்படுகிறது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2 இற்குக் கீழ் பச்சை. 2017 நவம்பர் முதல் சீனியின் அளவுக்கேற்ப வரியும் விதிக்கப்பட்டது. 35 வயதைக் கடந்தோர் நிறை, இடுப்புச் சுற்றளவு, குருதி அமுக்கம், குருதிக் குளுக்கோசு ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிப்பதற்கென அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இயங்குகின்றன. இங்கு ஆண்களின் வரவு குறைவு. வேலைநாளில் பகலிற் போக முடியாத மீனவருக்கும் கூலியாளுக்கும் எந்த நேரம் திறப்பது என்பதும் பொதுச் சுகாதாரக் கேள்வியே. வீதிவிளக்கும் விளையாட்டு மைதானமும் அப்படியே.

விடை எழுதும்போது ஒரு சொல் எச்சரிக்கை: "குண்டர்", "சோம்பேறிகள்" போன்ற சொற்களைத் தவிருங்கள். அவற்றுக்குப் புள்ளி இல்லை. ஏளனத்துக்கு அஞ்சுபவர் பரிசோதனைக்கும் வரமாட்டார்.

பயிற்சி வினா

தீவகக் கிராமமொன்றில் வசிக்கும் ஒரு குடும்பத்தில் தாயின் உயரம் 1.55 மீற்றர், நிறை 62 கிலோகிராம், இடுப்புச் சுற்றளவு 88 சென்ரிமீற்றர். தந்தையின் உயரம் 1.68 மீற்றர், நிறை 60 கிலோகிராம், இடுப்புச் சுற்றளவு 94 சென்ரிமீற்றர். இருவரின் உடற்திணிவுச் சுட்டியையும் கணித்து, யாருக்கு ஆபத்து உண்டு எனக் காரணத்துடன் எழுதுக. அக்குடும்பத்தின் நிலைக்கு ஏதுவான, அவர்களது கட்டுப்பாட்டில் இல்லாத காரணிகள் மூன்றினை விளக்குக.

குறிப்பு: தாயின் சுட்டி 25.8, தந்தையின் சுட்டி 21.3. தந்தைக்கு "இயல்பு நிலை" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துபவர், இடுப்புச் சுற்றளவு தரப்பட்டதன் காரணத்தை மீண்டும் ஒருமுறை வாசிக்கவும்.